பாலக்காட்டில் ஒரு கடல்

"குருவி பாக்கவா சார் மதுரையிலருந்து வந்தீங்க?"

கொடைக்கானல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்கு ஊர் வத்தலக்குண்டு. வீட்டு ஓட்டுக்குள்ள நாலஞ்சு கூடு இருக்கு. அங்கனயே இறங்கிப் பாத்திருக்கலாமே" என்றார். கிண்டல்தான். ஆனால் அந்தக் கிண்டலுக்குள் நான் கேட்டுக்கொண்டு வந்த கேள்வியும் இருந்தது. நான் தேடி வந்த குருவி ஏன் வத்தலக்குண்டில் இறங்கவே இறங்காது?

பாம்பே சோலை ஊருக்குள்ளேயே இருக்கிறது, நடந்தே போய்விடலாம். வழியில் காட்டுமாடு நிற்கும், அதற்கு மட்டும் ஒதுங்கிப் போக வேண்டும். கூட வந்த தம்பி வட்டக்கானல்காரர், பறவை காட்டுவதே பிழைப்பு. முந்தின நாள் கோடை மழை பெய்திருந்ததால் அட்டைக்குப் பயந்து காலுறைக்குள் புகையிலைத் தூள் போட்டுக்கொண்டு போனேன். ஓடைக்கரையில் பாசி படர்ந்த ஒரு வேரைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் கண்நோக்கியை எடுத்து நாலாபக்கமும் துழாவினேன். "கண்ண விடுங்கண்ணே, காதக் குடுங்க" என்றார்.

கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் புதருக்குள்ளிருந்து மெல்லிய சீழ்க்கை எழுந்தது. எழுந்தது நிற்கவில்லை, ஏறியது, வளைந்தது, நடுவில் இன்னொரு குரல் குறுக்கே பாய்ந்தது. "ரெண்டு இருக்கு போல" என்று முணுமுணுத்தேன். "ஒண்ணுதாண்ணே." நம்பவில்லை. செல்பேசியில் அதன் பாட்டைப் போட்டால் வெளியே வந்துவிடுமாமே என்று கேட்டேன். "வரும்ணே. வந்து இல்லாத எதிராளியத் தேடி அலையும். இது குஞ்சு பொரிக்கிற சமயம்" என்றார். கைபேசி பைக்குள் போயிற்று.

ஆறே முக்காலுக்கு அது வந்தது. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிது. தலை, முதுகு, மார்பெல்லாம் மழைமேகத்தின் கருநீலம்; நெற்றியில் வெளிறிய கீற்று; வயிறு சுத்த வெள்ளை. ஒல்லியான நீண்ட கால்களால் தரையில் தத்தி, ஒரு சருகைப் புரட்டி, எதையோ இழுத்து விழுங்கியது. அதிகம் போனால் இருபது விநாடி. பிறகு பறந்து போகவில்லை, ஓடிப் போயிற்று.

வெண்வயிற்றுச் சோலைக்குருவி. ஆங்கிலப் பறவைப் பட்டியல்களில் இப்போது 'ஷோலகிளி' என்று இருக்கிறது. மலையாளத்தில் சிறு பறவை எதையும் கிளி என்பார்கள், அங்கிருந்து போன பெயர். தமிழில் அப்படியே எழுதினால் பச்சைக்கிளியைத் தேடி அண்ணாந்து பார்ப்பீர்கள். அதனால் குருவி என்றே சொல்கிறேன். பழனி மலை, ஆனைமலை, மூணாறு, ஏலமலை ஆகியவற்றின் உயரமான சோலைக்காடுகளை விட்டால் இந்தக் குருவி உலகத்தில் வேறெங்கும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஊட்டியில், தொட்டபெட்டா பக்கம், இதன் உடன்பிறப்பைப் பார்த்திருந்தேன். அதே உருவம், அதே ஒளிந்து விளையாடும் புத்தி. ஆனால் வயிற்றின் இரு பக்கமும் செங்கல் நிறம். அது நீலகிரிச் சோலைக்குருவி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பாலக்காட்டுக் கணவாய். கணவாயின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். சிறு குருவிக்கு ஒரு மணி நேரப் பறப்புகூட இல்லை. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். சிறகுள்ள பிராணி ஏன் தாண்டவில்லை?

முதலில் அந்த 30 கிலோமீட்டர் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடுவோம்.

மதுரையிலிருந்து கொடைக்கானல் பேருந்தில் போனவர்களுக்கு இது தோலிலேயே தெரியும். வத்தலக்குண்டில் சட்டை முதுகோடு ஒட்டும். பெருமாள்மலையில் ஜன்னலை மூடச் சொல்வார்கள். கொடைக்கானலில் இறங்கியதும் முதல் வேலை மங்கி குல்லா பேரம். காற்று மேலே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸுக்கு மேல் குளிர்கிறது; அடிவாரத்துக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 1,800 மீட்டர். பதினோரு பன்னிரண்டு டிகிரி. நமக்கு அது ஒரு கம்பளிச் சட்டை வித்தியாசம். மரங்களுக்கு அது வேறு உலகம். மேலே மலை மடிப்புகளில், ஓடையை ஒட்டிக் குட்டை மரங்களாகப் பாசி போர்த்தி நிற்பது சோலை. அதைச் சுற்றி வெட்டவெளியில் புல்வெளி. மார்கழி, தை உறைபனி திறந்த சரிவில் முளைக்கும் மரக்கன்றைக் கருக்கிவிடும், அதனால் மரங்கள் மடிப்புகளுக்குள்ளேயே ஒண்டிக்கொள்கின்றன என்பது பலரும் சொல்லும் விளக்கம். இந்தச் சோலையில் மட்டும் வாழும் ஓர் உயிருக்குக் கீழே இருக்கும் வெயிலும் வயலும் பனங்காடும் கடல்தான். மலை உச்சிகள் அந்தக் கடலில் மிதக்கும் தீவுகள். உயிரியலாளர்கள் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் வான்தீவு என்று சொல்லலாம்.

வரைபடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரே கோடாகத் தெரியும். குருவியின் கண்ணுக்கு அது தீவுக்கூட்டம். தெற்கே பெரிய தீவுகள் மூன்று. பாலக்காட்டுக்கு வடக்கே நீலகிரி முதலானவை. தெற்கே ஆனைமலையும் பழனியும் ஏலமலையும். அதற்கும் தெற்கே செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி அகத்தியமலை, பழைய பெயரில் அசம்பு மலை. இந்தக் கணவாய்களை நாம் நன்றியோடு நினைக்கிறவர்கள். ஆடி மாதத்தில் கோயம்புத்தூருக்குக் காற்றை விடுவது பாலக்காடு. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரலைக் கசிய விடுவது செங்கோட்டை. நமக்கு வாசலாக இருப்பது குருவிக்கு அகழி.

சரி, கடலாகவே இருக்கட்டும். கடலைத்தான் பறவைகள் தாண்டுகின்றனவே? காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று ஒரு குருவி உண்டு. கைக்குள் அடங்கும். கோடையில் காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க 2,500 கிலோமீட்டர் பறந்து ஊட்டிக்கும் இலங்கை மலைநாட்டுக்கும் வருகிறது. தொட்டபெட்டாவில் ஒரே காலையில் இரண்டையும் பார்க்கிற வாய்ப்பு உண்டு: இந்தியாவின் நீளத்தையே தாண்டி வந்தது ஒன்று, பாலக்காட்டைத் தாண்டாதது ஒன்று.

ஆக, சிறகு இருப்பதல்ல விஷயம். பனாமாவில் செய்த ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது, 2008இல் வெளியானது. பனாமா கால்வாய்க்காக ஆற்றை மறித்தபோது காட்டூன் ஏரி உண்டாகி, காட்டு மேடுகள் தீவுகளாகிவிட்டன. ஆய்வாளர்கள் காட்டுப் பறவைகளைப் பிடித்துப் படகில் கொண்டுபோய், கரையிலிருந்து 100, 200, 300 மீட்டர் தள்ளி விடுவித்தார்கள். சில இனங்கள் ஒவ்வொரு முறையும் கரை சேர்ந்தன. அடர்காட்டின் அடித்தளத்தில் வாழும் சில இனங்கள் 100 மீட்டரைக்கூடக் கடக்க முடியாமல் தண்ணீரில் விழுந்தன, படகிலிருந்தவர்கள் மீட்டெடுத்தார்கள். அவை பறக்கத் தெரியாதவை அல்ல. கிளைக்குக் கிளை தாவும் அளவுக்கான சிறகும், நிழலை விட்டு வெளியே வராத சுபாவமும் வாய்த்தவை. நம் சோலைக்குருவி அந்த ரகம். என் கண் முன்னால் அது ஓடித்தானே போயிற்று!

வயிற்று நிறம் மாறினால் வேறு இனம் ஆகிவிடுமா? ஒரே வீட்டில் சிவப்பும் கறுப்புமாய்ப் பிள்ளைகள் பிறப்பதில்லையா? நியாயமான கேள்வி. பறவையியலாளர்களும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இதில் தடுமாறினார்கள். நீலகிரிக் குருவியை 1840களில் அறிவியலுக்குச் சொன்னவர் மதராஸ் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன். பழனி மலைக் குருவி, அமெரிக்கப் பாதிரியார் சாமுவேல் ஃபேர்பேங்க் சேகரித்துக் கொடுக்க, 1868இல் பிளான்ஃபோர்டு பெயரிட்டது. பிற்பாடு வந்தவர்கள் இரண்டையும் ஒரே இனம் என்றார்கள், மறுபடி இரண்டு என்றார்கள். எந்தக் குடும்பம் என்பதிலும் குழப்பம். குட்டைச்சிறகன் என்று ஒரு கூட்டத்தில் வைத்தார்கள். அங்கிருந்து எடுத்து இமயமலைப் பக்கத்து ராபின்களோடு சேர்த்தார்கள். தரையில் ஓடும் நீலநிறக் குருவி என்பதுதான் ஆதாரம். காக்கிச் சட்டை போட்டவர்களெல்லாம் ஒரே தாய் பிள்ளைகள் என்று சொல்வது போல. ஆட்டோக்காரருக்கும் போலீஸ்காரருக்கும் காக்கியைக் கொடுத்தது தொழில், பெற்றோர் அல்ல. இருட்டான காட்டுத் தரையில் பிழைக்கிற தொழில், வெவ்வேறு வம்சத்துப் பறவைகளுக்கும் ஒரே உடுப்பைத் தைத்துக் கொடுத்துவிடுகிறது. இதைக் குவிபரிணாமம் என்கிறார்கள்.

உடுப்பைக் கழற்றிப் பார்க்க வழி, மரபணு. வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி ஆகியோரும் அவர்களுடைய கூட்டாளிகளும் பல ஆண்டுகள் இந்த மலைகளில் ஏறி இறங்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல்வலையைப் புதர்களுக்கு நடுவே கட்டி, சிக்கிய குருவியை எடுத்து, இறக்கை நாளத்திலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். அந்தத் துளியில் இருப்பது ஓர் ஏட்டுச்சுவடி.

சும்மா சொல்லவில்லை; இரண்டும் படிக்கப்படும் விதம் ஒன்றுதான். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஊர் ஊராகப் போய்ச் சுவடிகளைத் திரட்டி வைத்துக்கொண்டு ஒப்பிட்டார். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதும்போது பிழை புகும். அந்தப் பிழையோடு அடுத்தவர் எழுதுவார், அவர் பங்குக்குப் புதுப் பிழை ஒன்று சேர்ப்பார். ஒரே பிழை இரண்டு சுவடிகளில் இருந்தால் இரண்டும் ஒரே தாய்ச்சுவடியிலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம். பாடபேதம் கூடக் கூட, பிரிந்து நாளாயிற்று என்று பொருள். மரபணுவும் தலைமுறைக்குத் தலைமுறை பெயர்த்து எழுதப்படுகிற நான்கெழுத்து ஏடு. பதிப்பாசிரியருக்குத் தொல்லை கொடுத்த பிழைகள்தாம் உயிரியலாளருக்குப் பொக்கிஷம்.

அந்தப் பிழைகளை எண்ணியபோது மூன்று விஷயங்கள் வெளியாயின. இந்தக் குருவிகள் குட்டைச்சிறகன்களும் அல்ல, ராபின்களும் அல்ல. கிளையில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் நீல ஈப்பிடிப்பான்களின் நெருங்கிய உறவு, தரைக்கு இறங்கி வேறு உடுப்புப் போட்டுக்கொண்டவை. பாலக்காட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவை தனித்தனி இனங்கள்தான். மூன்றாவதுதான் யாரும் எதிர்பார்க்காதது. செங்கோட்டைக்குத் தெற்கே அசம்பு மலையில் இருந்ததை அதுவரை பழனிக் குருவி என்றே நினைத்திருந்தார்கள்; அதுவும் தனி இனம். மூன்றுக்கும் சேர்த்து 2017இல் புதுப் பேரினப் பெயர் வைத்தார்கள்: ஷோலிகோலா. சோலையில் குடியிருப்பது என்று பொருள். நம் 'சோலை' லத்தீன் வாலோடு உலகப் பட்டியலில் ஏறிவிட்டது. அதே கட்டுரையில் இங்குள்ள சிரிப்பான் குருவிகளுக்கும் தனிப் பேரினம் கிடைத்தது. அவையும் இதே கணவாய்களின்படி பிரிந்திருந்தன.

பிரிந்து எவ்வளவு காலம்? பிழை எண்ணிக்கையைக் காலமாக மாற்ற, எத்தனை வருடத்துக்கு எத்தனை பிழை என்ற விகிதம் வேண்டும். பறவைகளில் இந்த விகிதத்துக்கு ஒரு சாட்சி ஹவாய்த் தீவுகள். அவை எரிமலைகள், வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகக் கடலிலிருந்து எழுந்தவை. பாறையில் உள்ள கதிரியக்கத் தனிமங்களை அளந்து ஒவ்வொரு தீவும் எப்போது பிறந்தது என்று சொல்லலாம். தீவு பிறக்குமுன் அங்கே பறவை குடியேறியிருக்க முடியாது. ஆக, அடுத்தடுத்த தீவுகளின் உறவுக்காரப் பறவைகளுக்கிடையே எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணினால் விகிதம் கிடைத்துவிடும். பறவைகளில், மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்றை எடுத்தால், பிரிந்த இரண்டு வம்சங்களுக்கிடையே பத்து லட்சம் ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் இரண்டு எழுத்து. நிழலைப் பார்த்து மணி சொல்வது மாதிரிதான் இது. ஏறக்குறைய என்று சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் காலை எது, மாலை எது என்பதில் தவறாது. பாலக்காட்டின் இரு கரைகளிலும் உள்ள சோலைக்குருவிகள் பிரிந்த காலத்தை லட்சங்களில்தான் எண்ண வேண்டும்.

இப்போது கேள்வி தலைகீழாகிறது. தாண்டவே முடியாது என்றால், முதலில் இரண்டு பக்கமும் எப்படிப் போய்ச் சேர்ந்தன?

மதுரைப் பக்கத்துக் கண்மாய் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே கருவேல மரத்திட்டுகள். கோடையில் தண்ணீர் வற்றினால் திட்டுகளுக்கிடையே தரை தெரியும், எறும்பு நடந்தே போய்விடும். ஐப்பசியில் நிரம்பினால் எந்தத் திட்டில் எந்த எறும்போ அங்கேயே கிடக்க வேண்டியதுதான். வான்தீவுகளைச் சூழ்ந்த வெப்பக் கடலுக்கும் இப்படி ஏற்றவற்றம் உண்டு. பனியுகங்களில் பூமி குளிர்ந்தது, பிறகு சூடேறியது, மறுபடி குளிர்ந்தது. குளிர்ச்சியும் ஈரமும் ஒருசேர வாய்த்த காலங்களில் சோலைக்கு ஏற்ற சூழல் கீழே இறங்கியிருக்கும். சூடோ வறட்சியோ வந்தபோது மேலே சுருங்கியிருக்கும்.

இது கற்பனை அல்ல என்பதற்குச் சாட்சி நீலகிரியின் சதுப்புகளில் கிடக்கிறது. பள்ளங்களில் மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்த செடிக்கழிவு, பல்லாயிரம் ஆண்டுக் கணக்கு. காற்றிலுள்ள கரியணுக்களில் மிகச் சில கொஞ்சம் கனமானவை. மரங்கள் பெரும்பாலும் அந்தக் கனத்த அணுவைக் கழித்துவிட்டே கரியை எடுத்துக்கொள்கின்றன. வெப்பநாட்டுப் புற்கள் பலவும் அவ்வளவு பார்ப்பதில்லை. ஒருத்தி கல் பொறுக்கி உலை வைப்பாள், இன்னொருத்தி அப்படியே போடுவாள். சோற்றைத் தின்றே யார் சமைத்தது என்று சொல்லிவிடலாம் அல்லவா? யானை ஆய்வாளராக நாம் அறிந்த ராமன் சுகுமாரும் கூட்டாளிகளும் இந்தச் சதுப்புப் படிவுகளை அளந்து 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், அங்கே வறட்சியும் புல்லும் ஓங்கியிருந்தன. பிற்பாடு பருவமழை வலுத்தபோது கதை மாறியது. சோலையும் புல்வெளியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே வந்திருக்கின்றன.

சேர்த்துவைப்பது, பிரித்துவைப்பது, மறுபடி சேர்ப்பது. இந்த ஏற்றவற்றமே புது இனங்களை இறைத்துத் தள்ளும் பம்பு என்று ஒரு கருத்து உண்டு. ராபின் குழு 2015இல் இதைச் சோதித்தது. ஒரு குருவியை மட்டும் பார்க்காமல் மலைப்பறவைகள் 23 இனங்களில் 356 பறவைகளின் மரபணுவை ஒப்பிட்டார்கள். பத்து இனங்களில் ஆகப் பழைய பிரிவு பாலக்காட்டில் விழுந்திருந்தது; அந்தப் பத்தில் சிலவற்றில், அகலமும் ஆழமும் குறைந்த பள்ளத்தாக்குகளிலும் பிற்காலத்துப் பிரிவுகள் தெரிந்தன. எனக்குப் பிடித்தது இதற்கடுத்த தகவல்: பத்தும் ஒரே சமயத்தில் பிரிந்தவை அல்ல. ஒவ்வொன்றும் தன் தன் காலத்தில், பெரும்பாலும் பனியுகங்கள் மாறி மாறி வந்த நாட்களில், பிரிந்திருக்கிறது. மீதிப் பதின்மூன்று இனங்களைக் கணவாய் ஒன்றும் செய்யவில்லை. ஒருவருக்குக் கடல், இன்னொருவருக்கு வாய்க்கால்.

பாட்டுக்கு வருகிறேன். இரண்டு குருவி என்று நான் ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். நமக்குக் குரல்வளை தொண்டையில் ஒன்று. பறவைக்கு மூச்சுக்குழல் இரண்டாகக் கிளைக்கும் இடத்தில், இரு கிளையிலும் தனித்தனியே ஒலியெழுப்பும் உறுப்பு. வல்லவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு விதமாக வாசிப்பார்கள், ஒரே ஆள் இரட்டை நாயனம் ஊதுவது போல. குஞ்சுகள் இந்தப் பாட்டைப் பெரியவற்றைக் கேட்டுத்தான் கற்கின்றன. அப்படியென்றால் பாட்டிலும் பாடபேதம் இருக்க வேண்டுமே? ஆறு இடங்களில் 38 குருவிகளின் 835 பாட்டுகளைப் பதிவு செய்து அலசிய ஆய்வு 2016இல் வந்தது. பாட்டுகள் மூன்று பெரும் தொகுதிகளாகப் பிரிந்தன. ஆனால் அந்த இரட்டை நாயன உத்திகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, பழைய கணவாய்களால் பிரிந்தவை மட்டுமல்ல, அண்மையில் காடழிந்து பிரிந்த கூட்டங்களும் வேறுபட்டு நின்றன. மரபணு ஏட்டில் இன்னும் பிழை ஏறவில்லை. அதற்குள் பாட்டு மாறிவிட்டது.

அந்தப் புதிய கடல்களைத் தோண்டியவர்கள் நாம். பழனி மலையின் 1973ஆம் ஆண்டுச் செயற்கைக்கோள் படத்தையும் 2014ஆம் ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்டவர்கள், புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கணக்கிட்டார்கள். சோலையிலும் ஒரு பகுதி போயிற்று. அந்த இடத்தில் நிற்பவை கற்பூர மரமும் பைனும், மலையில் சீகை என்று சொல்லும் வாட்டிலும். பார்க்கப் பச்சைதான். சுற்றுலாப் பேருந்திலிருந்து பைன் காட்டைப் படமெடுத்துக்கொண்டு, கொடைக்கானலில் எவ்வளவு காடு என்று நாம் வியக்கிறோம். நான் ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்த அந்தத் துண்டுக் காட்டைச் சுற்றி ஊர், ஊரைச் சுற்றித் தோட்டம்.

கொடைக்கானல் போனால் ஒரு காலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். மாசிக்கு மேல் வைகாசிக்குள் நல்லது. விடியுமுன் போய் ஓடைப்பக்கம் சத்தமில்லாமல் உட்காருங்கள். பார்க்கக் கிடைக்காவிட்டாலும் கேட்கக் கிடைக்கும். செல்பேசியில் மட்டும் அதன் பாட்டைப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் இறக்கி வைத்திருக்கும் பாட்டு எந்தத் தீவில் பதிவு செய்தது என்று உங்களுக்குத் தெரியாது. குருவிக்குத் தெரியும்.